இரண்டு மலையிலும் ஒரே பாட்டு

இரங்கல் கூட்டத்தின் தலைவர் ஜெபதுரை சார் அவர்களே, பங்குச் சாமியார் அவர்களே, சரக்கை அப்படியே போட்டுவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரி ஏறி வந்திருக்கும் மண்டிக்காரர்களே, மேல்பாறை, கருங்காட்டு ஊர்ப் பெரியவர்களே, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு முன் பெஞ்சில் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கிற என் தங்கச்சி புஷ்பமேரியே! எல்லோருக்கும் நர்ஸ் சூசையம்மாளின் வணக்கம்.

இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என் கையில் பிறந்தவர்கள். அதனால் கொஞ்சம் அதட்டிப் பேசினாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

"மலையோசை" பரமானந்தம் போய்விட்டார்! யார் இந்தப் பரமானந்தம்? கொடைக்கானல் மலைக்கே முதன்முதலில் மைக் செட்டு கொண்டுவந்த மனிதர். கழுதை முதுகில் பேட்டரியை ஏற்றிக்கொண்டு, குழாய் ஸ்பீக்கரைத் தன் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனவர். "மலையோசை" என்று பட்டம் கொடுத்தது இந்த ஊர் லயன்ஸ் கிளப்காரர்கள். கொடுத்த அன்றைக்கே, "பட்டத்தை வச்சு நான் என்ன செய்ய, ரெண்டு ஒயரு வாங்கிக் குடுத்திருந்தா ஒரு சோலிக்கு ஆவும்" என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். வாய்த்துடுக்கு அப்படி!

எனக்கு முன்னால் பேசிய தலைவர், "அந்தக் காலம் பொற்காலம், பரமானந்தத்தோடு அது மறைந்தது" என்று உருகினார். சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். பரமானந்தம் உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் உங்கள் மைக்கைப் பிடுங்கியிருப்பார். அந்தக் காலம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது. "அந்தக் காலத்துல கருங்காட்டுக்கு ரோடு இருந்துச்சா? காச்சலுக்கு மாத்திரை இருந்துச்சா? போங்கய்யா" என்பார். இந்த மலைக்கு கேசட் டெக்கை முதலில் கொண்டுவந்தவரும் அவர்தானே! இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது பழைய பாட்டுக்கென்று தனியாக ஒரு கேசட் போட்டு விற்கிறார்கள். மதுரையிலும் அதே கேசட், கன்னிவாடி டீக்கடையிலும் அதே கேசட். நாம் எதை நினைத்து ஏங்க வேண்டும் என்பதைக்கூட யாரோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து பதிவு செய்து அனுப்புகிறான். நான் இப்படிச் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆனால் சிரித்து முடித்த பிறகு அந்தக் கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேல்மலைக்காரர்களுக்குத் தெரியும், டவுன்காரர்களுக்குத் தெரியாது. எந்த ஊரில் செட்டு போட்டாலும், மேகம் இறங்கிவிட்டால் பாட்டை நிறுத்திவிடுவார். மைக்கை அந்த ஊர் ஆள் ஒருவர் கையில் கொடுப்பார். என்ன வேண்டுமானாலும் பேசலாம். பூண்டு விலை பேசலாம், காணாமல் போன ஆட்டைத் தேடலாம். கருங்காட்டில் சோலையம்மாள் மைக்கைப் பிடித்தால் மருமகனைத் திட்டாமல் கீழே வைக்க மாட்டாள். "ஏலே, எருமையப் பிடிச்சுக் கட்டச் சொன்னா எங்கலே போயித் தொலைஞ்ச!" என்று அது மூன்று மலை தாண்டிக் கேட்கும். மேல்பாறையில் கந்தவேல் பேசுவார், பேச்சைவிட இருமல்தான் அதிகம் வரும். டவுன் பையன்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதுதானய்யா வழி! மூடுபனிக்குள் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நான் எத்தனை பிரசவத்துக்குப் போயிருக்கிறேன்? சோலையம்மாளின் திட்டு கேட்கிற பக்கம் நடந்தால் கருங்காடு. கந்தவேலின் இருமல் கேட்கிற பக்கம் நடந்தால் மேல்பாறை. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இனி, பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லப் போகிறேன். புஷ்பமேரி, நீ கேட்க முடியாவிட்டால் வெளியே போய் இரும்மா. போகவில்லையா? சரி.

கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பேப்பரிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. கூட இருந்தவள் நான். அன்றைக்கு மேல்பாறையில் சவேரியார் திருவிழா. கருங்காட்டில் ஒரு சடங்கு வீடு. அதே கருங்காட்டில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி என்று ஆள் வந்தது. நான் கிளம்பினேன். "மழை பெஞ்சு பாதையெல்லாம் சரிஞ்சு கெடக்கு, ஒத்தையில போகாதீக நர்சம்மா" என்று அவரும் பையை வாங்கிக்கொண்டு வந்தார். தைலமரம் வெட்டுகிற கூப்புக் காட்டுக்குள் போகும்போது மேகம் இறங்கிவிட்டது. பட்டப்பகல்தான். ஆனால் நீட்டிய கை தெரியவில்லை.

பாட்டு கேட்டது. இடது பக்கம் கேட்டது. வலது பக்கமும் கேட்டது. அதே பாட்டு! தீபாவளிக்கு வந்த படத்தின் கேசட். இரண்டு ஊரிலும் ஒரே புதுச் செட்டுக்காரர், ஒரே கேசட். ஒரு பக்கம் சரணம் ஓடும்போது இன்னொரு பக்கம் பல்லவி ஓடுகிறது. பாறையில் மோதித் திரும்பி வருகிற சத்தம் வேறு. எது எந்த ஊர்?

"பொறுங்க, யாராச்சும் பேசுவாக" என்றார் பரமானந்தம். நின்றோம். ஒருவரும் பேசவில்லை. பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டு வந்தது. இரண்டு பக்கமும் அதுவேதான். அந்த மனிதர், சத்தத்தை வைத்தே வயரில் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்கிற மனிதர், என்னைத் திரும்பிப் பார்த்து, "நர்சம்மா, இது எந்த ஊரு?" என்று கேட்டார். அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அசையாம நில்லுங்க, நாலு எட்டு போயிப் பாத்துட்டு வெரசா வாரேன்" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பள்ளத்தில் கல் உருளும் சத்தம் கேட்டது. கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்! இரண்டு மலையும் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு பொம்பளை கத்துவது யார் காதில் விழும்? மேகம் விலகி பூண்டுக்காட்டு ஆட்கள் வரும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன். இடுப்பு வலி கண்டவளின் பிள்ளையைச் சோலையம்மாள்தான் எடுத்துப் போட்டிருக்கிறாள், தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அவர்?

என்ன சேனாதிபதி, தலையைக் குனிகிறாய்? அன்றைக்கு இரண்டு ஊரிலும் பாடியது உன் செட்டு, இந்த மைக்கும் உன் செட்டுதான். உன்னைக் குற்றம் சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. ஜனங்கள் கேட்ட பாட்டைத்தானே போட்டாய்? நானும் ஆஸ்பத்திரியில் அதே பாட்டை முணுமுணுத்தவள்தான், நல்ல பாட்டு. இது வயசான கிழவியின் புலம்பலோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். புதுசு எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்கிற புத்தியோ என்று கேட்டேன். இல்லை! டெலிவிஷன் கோபுரம் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும், நானும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் எல்லா ஊரும் ஒரே குரலில் பாடி, எந்த ஊரும் தன் வாயால் பேசாமல் போகும் நாளை நினைத்தால் ஈரக்குலை நடுங்குகிறது. அந்த நாளுக்குள் சாயங்காலம் வரைக்கும் நின்றுவிட்டு வந்திருக்கிறேன் நான்.

படத்திறப்பு வைக்கிறீர்கள், அவர் பெயரில் சுழற்கோப்பை தருகிறீர்கள். செய்யுங்கள். ஆனால் அவருடைய வேலையைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பதானால், அந்த வேலை இன்னது என்று தெரிந்து எடுங்கள். மேகம் இறங்கினால் பாட்டை நிறுத்துவது. ஊர் ஆள் கையில் மைக்கைக் கொடுப்பது. இவ்வளவுதான்! சேனாதிபதி, செய்வாயா? தலையை ஆட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்லு. சரி, சொல்லிவிட்டான். எல்லோரும் கேட்டீர்கள்.

நாளை மார்கழி பிறக்கிறது. கருங்காட்டுக் கோயிலில் குழாய் கட்டியாகிவிட்டது. மேல்பாறைக் கோயிலில் கிறிஸ்துமஸுக்குக் கட்டியாகிவிட்டது. கருங்காட்டு அன்னக்கொடிக்குத் தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது. நாளைக்கு நான் போயே ஆக வேண்டும். இந்த முறை சோலையம்மாளின் கைக்கு அது அடங்காது. கூட வர அவரும் இல்லை. ஐயா, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அந்தக் கூப்புக்குள் போகப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போவேன். மேகம் இறங்கினால் அதே இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

கருங்காட்டுக்காரர்களே, யாராவது பேசுங்கள்.