பதினொன்றாவது வரி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் கணினியைத் தொடாமல் இருப்பது நல்லது. பதிவுப் பிரிவு அக்கா அன்று தொட்டார். ஒரு பெயரைத் திருத்தப் போய் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். மாற்றுச் சிறுநீரகத்துக்காக எங்கள் மருத்துவமனையில் காத்திருந்தவர்கள், நூற்று நாற்பத்து மூன்று பேர்.

"என் தலையில நானே கல்லத் தூக்கிப் போட்டுக்கிட்டேன்டி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடிடாதீங்கக்கா. அப்படியே இருக்கட்டும்."

அந்தப் பட்டியலுக்கான கணினி நிரலை எழுதியவள் நான். அதில் நீக்கிய வரி உடனே போய்விடாது. நீக்கியதாகக் குறி மட்டும் விழும். நிரலை மூடும்வரை நினைவகத்தில் பத்திரமாக இருக்கும். குறியை எடுத்துச் சேமித்தால் ஆள் திரும்பிவிடுவார்.

எல்லாரையும் மீட்க ஒரே கட்டளை போதும். நான் ஒவ்வொருவராக மீட்டேன். கவனமாக வேலை செய்வது என் பழக்கம்.

பன்னிரண்டாவது வரி அப்பா. பதினொன்று, தையல்கார அம்மா. இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு. அந்தப் பிரிவில் அவர் முதல் ஆள், அப்பா அடுத்தவர். வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுப்பார்கள். அப்பாவின் சட்டைக் கையைப் பிரித்துப் பொத்தான் வைத்துக் கொடுத்தது அவர்தான். கழற்றாமலே ஊசி போடலாம்.

"ஊசி நமக்குப் பொதுச் சொந்தம் அண்ணே. அது வந்துபோக ஒரு வாசல் வேணாமா?" என்றார். அப்பா இருமும்வரை சிரித்தார்.

அப்பா இரண்டு மாதம் தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பத்தாவது வரிக்குப் பிறகு பன்னிரண்டாவதற்குப் போனேன். நான் எதையும் நீக்கவில்லை. நீக்கியது அக்கா.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்கக்கா."

"நீ நல்லா இருப்படி."

நிரலை மூடினேன். மாலையில் வழக்கம்போல நகல் எடுத்தேன். புது நகல் பழையதன் மேல் பதியும்; அதுவும் என் வேலைதான்.

பத்தொன்பதாம் நாள் ஒரு சிறுநீரகம் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் பக்கத்துக் கட்டில் காலியானது. தையல்கார அம்மாவின் கணவர் வந்து, ஏன் கடைசிவரை கூப்பிடவில்லை என்று கேட்டபோதுதான் பட்டியலில் அந்த அம்மாவின் பெயரே இல்லை என்று தெரிந்தது. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருக்காக நான் மேலாளரிடம் ஒரு மணி நேரம் பரிந்து பேசினேன். உங்கள் விசாரணை அறிக்கையில் அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆமாம், தெரிந்துதான் விட்டேன். ஆனால் நூற்று நாற்பத்திரண்டு பேரை மீட்டதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் விசாரிக்கவில்லை.

அப்பாவுக்கு இனி அந்தச் சட்டை தேவைப்படாது. துவைத்து மடித்து, தையல்கார அம்மா வீட்டில் கொடுத்துவிடலாம் என்று முகவரியைத் தேடினேன். எங்கள் பதிவுகளில் அப்படி ஒருவர் இல்லை.