கடைசி நாலு வரிசை

அங்க எடுக்காதீங்க மேடம், அது வண்டி போற தடம், இரும்பா இருக்கும். இயற்கை விவசாய சர்டிபிகேட்டுக்கு மண்ணு எடுக்க வர்றவங்க எல்லாரும் முதல்ல அங்கதான் தோண்டுவாங்க. இப்படி மரத்தடிக்கு வாங்க. மண்வெட்டியே வேணாம், கைய விடுங்க. பாத்தீங்களா, பொலபொலன்னு வருதுல்ல? அந்த வெள்ளை நூலு பூஞ்சைதான், பயப்படாதீங்க. நல்ல பூஞ்சையாம். எங்க வீட்டுக்காரரு அதைக் காட்டிக் காட்டியே என் உயிரை எடுப்பாரு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால வந்திருந்தீங்கன்னா இங்க கடப்பாறைதான் இறங்கும். மூட்டை மூட்டையா உரம், வாரம் தவறாம மருந்து. காய் என்னவோ நல்லாத்தான் காய்ச்சுது, பொய் சொல்லக் கூடாது. ஒரு மழை வந்துச்சு பாருங்க, தண்ணி மூணு நாள் மேலயே நின்னுச்சு. மண்ணு குடிக்கவே மாட்டேங்குது. வேரு அழுகி அறுபது சாத்துக்குடி மரம் போச்சு. அதோட மருந்து டின்னு, உரம் எல்லாத்தையும் அவரு தலைமுழுகிட்டாரு.

நான் சண்டை போட்டேன். சருகும் சாணியும் கொட்டினா மரம் காய்க்குமா, மூளை கீளை குழம்பிப்போச்சான்னு கேட்டேன். மூணு வருஷம் காய் பாதிகூட இல்ல. என் நாத்தனார் வந்து, இது தோட்டமா குப்பைமேடான்னு கேட்டுட்டுப் போனா.

நாலாவது வருஷம் அதே மாதிரி மழை. விட்டதும் ஓடிப்போய்ப் பாக்குறோம், ஒரு சொட்டு தேங்கல. செருப்பைக் கழட்டிட்டு வரிசை வரிசையா நடந்தாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த மனுஷன் மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததில்ல.

இருங்க, கொஞ்சம் உக்காந்துக்கறேன். இடுப்பு.

போன வருஷம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. வலது கை, கால் ரெண்டும். அதோ அந்த ஜன்னலோரமாத்தான் கட்டில். தூக்கி உக்கார வைக்கணும், குளிப்பாட்டணும், ஊட்டணும். பொண்ணு வெளியூர்ல, அவளுக்கே கைக்குழந்தை ரெண்டு. அப்புறம் இந்தத் தோட்டம். மண்ணு நல்லாயிட்டா மரத்துக்கு மட்டுமா தெரியும், புல்லுக்கும் தெரியுதே! இந்தக் கோடியில வெட்டிட்டு அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள முழங்கால் உசரம் நிக்குது. ஆள் கேட்டா எல்லாரும் வரேங்கறாங்க. ஒருத்தரும் வர்றதில்ல.

தினம் சாயங்காலம் கேப்பாரு, மண்புழு இருக்கான்னு. இருக்குங்க, கை வச்சாக் கூசுது, அவ்வளவு இருக்குன்னு சொல்வேன். சொல்லிட்டு அங்க நிக்காம அடுப்பங்கரைக்குப் போயிடுவேன்.

கீழ கடைசியா நாலு வரிசை இருக்கு. வாங்க, அங்கயும் ஒரு பை எடுத்துக்கோங்க. புல்லெல்லாம் மஞ்சளாக் கருகிக் கிடக்கும். களைக்கொல்லி. ஆமா, நான்தான். மத்தியானம் அவரு அசந்து தூங்குற நேரமாப் பாத்து மூணு தடவை அடிச்சேன். முதல் தடவை அடிச்சிட்டு வந்து வாந்தி எடுத்தேன். மூணாவது தடவை ஒண்ணுமே தோணல, கைகால் கழுவிட்டு சமைக்கப் போயிட்டேன். அதுதான் மேடம் பயமாப் போச்சு. இன்னும் ரெண்டு மாசம் போனா மேல இருக்கற வரிசைக்கும் வந்திருப்பேன். அவ்வளவு சுலபமா இருக்கு.

எழுதிக்கோங்க. சர்டிபிகேட் போனாப் போகட்டும். மறுபடி அதை வாங்க வருஷக்கணக்கா ஆகும்னு எனக்கும் தெரியும்.

ஐயோ, பக்கத்துத் தோட்டக்காரரை எதுக்கு இழுக்கறீங்க? பாவம், அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. இங்க களைக்கொல்லி அடிக்கறாங்கன்னு உங்க ஆபீசுக்கு வந்த மொட்டைக் கடுதாசி நான் போட்டதுதான். நானா நிறுத்த முடியல. யாராவது வந்து கையைப் பிடிச்சா நிறுத்திடுவேன்னு தோணுச்சு.

வாங்க, உள்ள போலாம். முழிச்சிருப்பாரு. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு வாய் வரல. அவரு பேச்சு இப்ப என்னைத் தவிர யாருக்கும் புரியாது. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். என்னை என்ன திட்டினாலும், ஒரு வார்த்தை விடாம உங்களுக்குச் சொல்றேன்.