யானை வாங்குபவர் கயிறு கொண்டுவரவும்

வாக்குமூலம் அளிப்பவர் ஆனி ரோஸ், வயது 32, கணவர் பெயர் சகாய ஆனந்த், தெற்குத் தெரு, வரதராஜன்பேட்டை, ஜெயங்கொண்டம் வழி, அரியலூர் மாவட்டம். படிப்பு பி.எஸ்சி. கணினி அறிவியல். தொழில், இணையத்தில் குழந்தைகள் பொம்மை விற்பனை. தன் மாமனார் சவரியார், வயது 67, பிள்ளை பிடிக்கிறவர் என்ற சந்தேகத்தின் பேரில் இந்த நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டது குறித்து விசாரித்தபோது சொன்னதாவது:

கடந்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து வீடு திரும்பியதும், என் கணவர், மாமனார், நான் ஆகிய மூவரும் கூடத்தில் கூடி, வேறு எந்த விஷயத்தையும் எடுத்துக்கொள்ளாமல் விவாதித்து, நான் தொடங்கவிருந்த கடையின் முத்திரைப் படத்தில் உள்ள யானைக்குட்டி இனி உட்காரக் கூடாது, நிற்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அதுவரை அது உட்கார்ந்திருந்தது. மாமனார் வெகுகாலம் மாட்டுத் தரகராக இருந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு, "ஒக்காந்திருக்குற உருப்படிய எவம்மா வாங்குவான்? எழுந்து நிக்கச் சொல்லு. கால் நாலும் தெரியணும். கால மறைச்சா நொண்டின்னு நெனச்சிப்பான்," என்றார். இது மாட்டுச் சந்தை அல்ல, பொம்மைக் கடை என்று என் கணவர் எடுத்துச் சொன்னார். அது கேட்டுக்கொள்ளப்பட்டது. யானை எழுந்து நின்றது.

அதன் பிறகு கடையைத் தொடங்கினேன். தொழில் முறை பின்வருமாறு. வெளிநாட்டுப் பொம்மைகளை இறக்குமதி செய்யும் மொத்த வியாபாரி ஒருவர் மும்பையில் இருக்கிறார். அவருடைய பொம்மைகளின் படங்களை என் கடைப் பக்கத்தில் போடுவேன். யாராவது ஆர்டர் செய்தால் அவருடைய முகவரியை மும்பைக்கு அனுப்புவேன். பொம்மை அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போய்விடும். என் கைக்கு வராது. இதற்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். மாமனாருக்குப் புரியவைக்கச் சிரமப்படுவேன் என்று நினைத்து ஒரு தாளில் அம்புக்குறிகள் போட்டு வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

"அப்ப நீ தரகு பாக்கப் போறன்னு சொல்லு," என்றார்.

"ஆமாங்க மாமா."

"உருப்படியப் பாத்தியா?"

"பாக்க வேண்டியதில்லைங்க."

"வாங்குறவன?"

"அவங்களயும் பாக்க வேண்டாங்க."

"ரெண்டு பேரயும் பாக்காம நடுவுல நிக்கிறதுக்குப் பேரு தரகரு இல்லம்மா, வேலிக்கால்."

என் மாமியார் காலமான பிறகு மாமனார் சந்தைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நாள் முழுவதும் பனியனோடு இருப்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் கழுவி வைத்த தட்டைக் காட்டுவார். மேற்படி பேச்சு நடந்த மறுநாள் காலை சட்டை போட்டு, தலை சீவி வந்து நின்று, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குள் வரும் ஆர்டர்களை மட்டும் நம் வீட்டுக்கு வரவழைத்தால் தானே சோதித்துப் பார்த்து, பஸ்ஸில் கொண்டுபோய்க் கையில் ஒப்படைப்பதாகச் சொன்னார். இது டிராப்ஷிப்பிங்கின் அடிப்படைக்கே எதிரானது. சட்டை இஸ்திரி போட்டதாக இருந்தது. சம்மதித்தேன்.

அதன் பிறகு பொம்மைகள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. மாமனார் ஒவ்வொன்றையும் கூடத்தில் நடக்கவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்து நடை பார்ப்பார். கோணலாகப் போவதை ஒதுக்கிவிடுவார். ஒருமுறை பஞ்சுக் குதிரை ஒன்றின் முதுகில் தையல் சுழித்து முடிந்த இடத்தைக் காட்டி, "பாடைச்சுழி. இது போற வூடு வெளங்காது," என்றார். மும்பைக்குத் திருப்பி அனுப்பும்போது காரணம் கேட்ட இடத்தில் உடைசல், நிறம் வேறு, அளவு வேறு, பிற என்று மட்டுமே இருந்தன. 'பிற' என்பதைத் தொட்டேன். மாற்றுக் குதிரை வந்தது. அதன் முதுகில் சுழியே இல்லை. சுழியே இல்லாமல் ஒரு குதிரை எப்படி இருக்க முடியும் என்று நெடுநேரம் யோசித்துவிட்டு அனுமதித்தார்.

எங்கள் கடையில் அதிகம் விற்பது இழுவை யானை. மரத்தால் ஆனது. கழுத்தில் உள்ள கயிற்றைப் பிடித்து இழுத்தால் சக்கரத்தில் உருண்டு வரும், காது இரண்டும் ஆடும். வாங்கியவர்கள் கடைப் பக்கத்தில் கருத்து எழுதத் தொடங்கினார்கள். உடையார்பாளையத்திலிருந்து ஒருவர், "பொம்மை தரம். கயிறு இல்லை. பெரியவர் நல்லவர்," என்று எழுதி நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அரும்பாவூரிலிருந்து வந்ததும் ஏறக்குறைய அதுவே. கயிறு இல்லை என்பதும் பெரியவர் நல்லவர் என்பதும் தவறாமல் சேர்ந்தே வந்தன.

அதன் பிறகு மாமனாரிடம் கேட்டேன்.

"மாமா, யானையோட கயிறெல்லாம் எங்கங்க போவுது?"

"எங்கயும் போவல. எங்கிட்டதான் இருக்கு," என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "யானையத்தான வித்தோம்? கயித்தயுமா வித்தோம்?"

மாடு விற்கிறவர் மாட்டை மட்டும்தான் ஒப்படைப்பார். கயிற்றை அவிழ்த்துத் தன்னிடம் வைத்துக்கொள்வார். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போவார். கயிற்றையும் கொடுத்துவிட்டால் விற்றவர் வீட்டில் அதற்கு மேல் மாடு தங்காது என்பார்கள். "கயித்தோட லட்சுமியும் போயிடும்பாங்க. நாம வேதக்காரங்க, அப்படிச் சொல்லக் கூடாது. ஆனா கயித்தக் குடுக்கவும் கூடாது," என்றார்.

"இது சீனாக் கயிறுங்க மாமா."

"ஏன், சீனாக்காரன் மாடு வளக்க மாட்டானா?"

அவற்றை எதற்குப் பையிலேயே சுமக்கிறீர்கள், தொழுவத்து ஆணியில் மாட்டலாமே என்று கேட்டேன். மாடு இல்லாத தொழுவத்தில் கயிறு மட்டும் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது என்றார். ஆர்டர் செய்கிறவர்களுக்குப் போகும் செய்தியில், "பொருள் பெரியவர் ஒருவரால் நேரில் கொண்டுவரப்படும். யானை வாங்குபவர் கயிறு கொண்டுவரவும்," என்று இரண்டு வரி சேர்த்துவிட்டேன். அதன் பிறகு ஐந்து நட்சத்திரம் வந்தது. சிலர் கொடிக்கயிறு கொண்டுவந்ததாகவும், ஒருவர் சுடிதார் நாடா கொண்டுவந்ததாகவும் மாமனார் சொன்னார். நாடா கொண்டுவந்தவரைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

குன்னத்துக்கு அருகில் குடியிருக்கும் சண்முகப்பிரியா என்பவர் தன் மூன்று வயது மகள் யாழினிக்காக இழுவை யானை ஒன்று ஆர்டர் செய்திருந்தார். இன்று காலை மாமனார் அதை எடுத்துக்கொண்டு, ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தார். சண்முகப்பிரியா பெரம்பலூருக்கு வேலைக்குப் போயிருந்தார். குழந்தை பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம் இருந்தது. அங்கே நடந்ததைப் பொன்னுத்தாயும் மாமனாரும் சொல்லி அறிந்தேன். இருவர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கிறது.

பணம் கட்டியவர் யாராக இருந்தாலும் உருப்படியை வாங்குவது குழந்தைதான் என்பது மாமனாரின் கொள்கை. ஆகவே வாசலில் நின்று, "யாழினிங்கிற பாப்பா இருக்குங்களா? செத்த வரச் சொல்லுங்க. வரும்போது கயிறும் எடுத்தாரச் சொல்லுங்க," என்றார். வேற்று ஊரிலிருந்து பிள்ளை பிடிக்க ஆள் வந்திருப்பதாகவும், பொம்மை காட்டிக் கூப்பிடுவதாகவும் பொன்னுத்தாயின் கைபேசிக்குச் சில நாட்களாகச் செய்தி வந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் பையைக் காட்டச் சொன்னார். மாமனார் உடனே காட்டினார். உள்ளே யானை ஒன்றும், குழந்தைக்கு வாங்கிய தேன்மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றும், பழைய கயிறுகள் பதினொன்றும் இருந்தன.

"இத்தன கயிறு எதுக்குய்யா?" என்று பொன்னுத்தாய் கேட்டார்.

"ஒவ்வொண்ணும் ஒரு புள்ளையோடதுங்க," என்றார் மாமனார். அவர் சொன்னது உண்மை.

அதன் பிறகு பொன்னுத்தாய் கூப்பாடு போட, கூட்டம் கூடியது. ஒருவர் சட்டையைப் பிடித்ததில் மேல் பொத்தான் அறுந்தது. அவரை மின்கம்பத்தில் கட்டுவது என்று முடிவாகி, அவருடைய பையில் இருந்த கயிறுகளையே எடுத்தார்கள். நீளம் போதாமல் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார்கள். அதுவரை அமைதியாக இருந்த மாமனார் அப்போதுதான் கோபப்பட்டிருக்கிறார்.

"கட்டுறதுன்னா கட்டுங்கடா, வேணாங்கல. உங்க வூட்டுக் கயித்துல கட்டுங்க. எங்க வூட்டுக் கயித்த வைங்க கீழ."

அவர் சொன்ன விதத்தில் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்கள். யார் வீட்டில் கயிறு இருக்கிறது என்று பேசித் தீர்ப்பதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள்.

தகவல் கிடைத்து நான் நிலையத்துக்கு வந்தபோது மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டத்தார் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் அவ்வப்போது சட்டைக் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். யானை மேசை மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும், "சாப்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் வருத்தப்படுவார் என்பதால் சாப்பிட்டேன் என்றேன். இந்த வாக்குமூலத்தில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பொய் அது ஒன்றுதான்.

அதன் பிறகு ஆய்வாளர் என்னை அழைத்து, "பொம்மை சரி. முட்டாயும் சரி. கயிறுதாம்மா இடிக்குது. அதுக்கு ஒரு வழி சொல்லு, இல்லன்னா இவரு மேல வழக்குப் போட்டுத்தான் ஆவணும்," என்றார். மேலே சொன்ன அனைத்தையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார். கைபேசியில் அந்த இரண்டு வரியைக் காட்டினேன். "இத நீ வர்ற வழியில பஸ்ல உக்காந்து அடிச்சிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் சண்முகப்பிரியா பெரம்பலூரிலிருந்து வந்து சேர்ந்தார். கூடவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொன்னுத்தாயும் வந்தார். சண்முகப்பிரியா கைப்பையைத் திறந்து, கடைத்தாள் சுற்றிய புதுச் சிவப்புக் கயிறு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கயிறு கொண்டுவரச் சொல்லி மெசேஜ் வந்துச்சுங்க சார். அன்னிக்கே வாங்கிட்டேன். அக்காகிட்ட குடுத்துச் சொல்லிட்டுப் போவ மறந்துட்டேன்."

"குடுத்துட்டுப் போயிருந்தா நான் ஏண்டி ஊரக் கூட்டப் போறேன்?" என்றார் பொன்னுத்தாய்.

ஆய்வாளர் சிவப்புக் கயிற்றையும் மாமனார் கையில் இருந்த கயிறுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யானையை எடுத்துக் குழந்தையிடம் கொடுக்கப் போனார். மாமனார் எழுந்து, "சார், அப்படிக் குடுக்கக் கூடாதுங்க," என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டார். அதன் கழுத்தில் இருந்த பழைய கயிற்றை அவிழ்த்து இடுப்பில் செருகினார். புதுக் கயிற்றைக் கட்டினார். குழந்தைக்கு முன் குந்தி உட்கார்ந்து நுனியை அதன் கையில் வைத்து, "கெழக்கப் பாத்து ஓட்டிட்டுப் போ தாயி," என்றார். குழந்தைக்குக் கிழக்குத் தெரியவில்லை. காவலர் ஒருவர் கை காட்டினார். குழந்தை யானையை இழுத்துக்கொண்டு நிலையத்தின் கூடத்தில் நடந்தது. காது இரண்டும் ஆடின. அது போய்த் திரும்பும் வரை மாமனார் தலையைச் சாய்த்து நடை பார்த்தார்.

அதன் பிறகு பொன்னுத்தாய் தன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். வேறு பொத்தான் வாங்கித் தைத்துத் தருவதாகவும் சொன்னார். அறுந்த பொத்தானையே தேடித் தந்தால் போதும் என்று மாமனார் சொல்லிவிட்டார். சட்டை என் மாமியார் எடுத்துக் கொடுத்தது. புகாரை முடிக்க என் வாக்குமூலம் தேவை என்று ஆய்வாளர் சொன்னதால் இதைக் கொடுக்கிறேன்.

நான் சொன்னதே இங்கே எழுதப்பட்டிருக்கிறது. எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லை, சொன்னவை எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஆனி ரோஸ்

நிலையக் குறிப்பு: மேற்படி சவரியார் வழக்கின்றி மருமகளுடன் அனுப்பிவைக்கப்பட்டார். அவரிடம் திரும்ப ஒப்படைத்த பொருள்கள்: துணிப்பை ஒன்று. தேன்மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று, பிரிக்கப்பட்டது. பொத்தான் ஒன்று. கயிறு பன்னிரண்டு.

தர்மராஜ், நிலைய எழுத்தர்