மாமனார் கொண்டுவந்த மாலை

ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு தம்பதி. கணவன் கையில் சுரங்க டம்பர் லாரியின் மாடல். உள்ளங்கை அளவுதான், ஆனாலும் ஏணி, கண்ணாடி, ஆறு சக்கரம் எல்லாம் அச்சு அசல். எண்ணிவிட்டேன்.

"எங்கப்பாகிட்ட என்னங்க சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"டம்பர் வாங்கிட்டேன்னேன். பொய்யா?"

"வண்டி பூஜைக்கு ஜீயபுரத்திலேர்ந்து ஆளுயர மாலையோட கோயில் வாசல்ல வந்து நிக்கிறாரு. கூட பன்னிரண்டு பேராம். மருமகன் லாரி முதலாளியாம்!"

"ஐயையோ!"

"முதல்ல அவர்தான் ஏறி உக்காருவாராம்."

பஸ் அம்மா மண்டபம் ஸ்டாப்பைத் தாண்டியது.

"சக்கரத்தை ஏத்தி நசுக்க எலுமிச்சம்பழம் வாங்கணுமே?" என்றாள்.

அவன் சக்கரத்தை உற்றுப் பார்த்தான்.

"எலுமிச்சம்பழம் ரொம்பப் பெருசு. திராட்சை வாங்கிக்கலாம்."