இசையவில்லை

இல்ல தம்பி, நான் உக்காரல. நின்னே பேசிப் பழக்கம். உக்காந்தா டீ குடுப்பாங்க, டீ குடிச்சா கோரிக்கையில பாதி போயிடும். அனுபவத்துல சொல்றேன்.

அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குதா? சரி, உங்க கழுத்துக்காக உக்கார்றேன். டீ மட்டும் வேணாம்.

எம் பொண்ணு விஷயம்தான். உங்க காலேஜ்ல புள்ளியியல் சீட்டு. உங்க காத்திருப்போர் பட்டியல்ல ஏழாவது எண். அந்தப் பட்டியல் பதினொண்ணு வரைக்கும் போயிருக்கு, வெளிய போர்டுல ஒட்டியிருக்கீங்க. ஆறு இருக்கு, எட்டு இருக்கு. நான் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போனவன் இல்ல, ஆனா எனக்குத் தெரிஞ்சு அதுக்கு நடுவுல ஒண்ணு உண்டு.

ஃபைல் இருக்கட்டும். அதை அப்புறமாத் திறக்கலாம்.

இன்னொண்ணு. அந்த போர்டுல மேல்முறையீடுன்னு எழுத வேண்டிய எடத்துல மேல்முறையிடுன்னு அடிச்சிருக்கீங்க. நெடில் போச்சு. கட்டளை போட்ட மாதிரி இருக்கு. சரி, உத்தரவாச்சேன்னு வந்துட்டேன்.

சிரிக்காதீங்க, எனக்கு எழுத்து கத்துக்குடுத்ததே நோட்டீசுதான். கம்பெனி கேட்டுல ஒரு கையில வாங்கி, மறு கையில டிபனைப் பிடிச்சிக்கிட்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நான் மொத மொதல்ல முழுசாப் படிச்ச வார்த்தை சர்வாதிகாரம். அம்மா, அப்பால்லாம் அதுக்கு அப்புறம்தான். பின்னாடி நானே எழுத ஆரம்பிச்சேன். ஒரு நானூறு மனு எழுதியிருப்பேன், தம்பி. யாருக்கு வேணும்னாலும். ஒரு மனுவுல கூட பணிவுடன்ங்கிற வார்த்தை கிடையாது. கேட்டுக்கொள்கிறேன் கிடையாது. கோருகிறோம். எனக்கு மட்டும் எழுதினாலும் கோருகிறோம்தான். ஒத்தை ஆளு கோரினா யாரு மதிப்பாங்க?

பாட்டில் கம்பெனி. கண்ணாடி பாட்டில். பெல்ட்டுல வரும், பின்னாடி ஒரு விளக்கு எரியும், கீறல் இருக்கா, குமிழ் இருக்கான்னு பாத்து எடுத்துப் போடணும். கழிச்சுக் கட்டறதுல உங்களை விட எனக்கு அனுபவம் ஜாஸ்தி. ஆனா ஒண்ணு. நான் எடுத்துப் போட்டதை உடனே உடைச்சிட மாட்டாங்க. இன்னொரு ஆளு தூக்கி, திருப்பி, பாக்கணும். அப்புறம்தான் உடைக்கணும். அந்த விதி சும்மா வந்ததில்ல, சங்கம் ஒம்போது நாள் வாசல்ல உக்காந்து வாங்கினது. ஒரு பாட்டிலுக்கே ரெண்டாவது பார்வை இருந்தது, தம்பி. அதைத்தான் கேக்கறேன். கோர்றேன்.

இந்த மேல்முறையீட்டுப் படிவத்துல ரெண்டு கட்டம் போட்டிருக்கீங்க. பிழை கல்லூரித் தரப்பில், பிழை விண்ணப்பதாரர் தரப்பில். நாங்க மேல் கட்டத்துல டிக் போட்டிருக்கோம். நாங்கன்னா எம் பொண்ணு. மூணு பக்கம் அவளே எழுதினா. ஒரு வார்த்தை நான் சொல்லிக் குடுக்கல. கடைசிப் பாராவைப் படிங்க. இந்த அநீதிக்கு விளக்கம் கோருகிறேன். எங்க இருந்து வந்ததுன்னு சொல்ல வேண்டியதில்ல.

கோருகிறேன்னு ஒருமையில போட்டிருக்கா, அது ஒண்ணுதான் குறை.

ஏன் புள்ளியியலா? நானும் கேட்டேன். அப்பா, நீங்க ஊர்வலத்துல ஐயாயிரம் பேர்னு சொல்றீங்க, அவங்க ஐந்நூறுன்னு சொல்றாங்க, நம்ம பக்கம் ஒழுங்கா எண்ணத் தெரிஞ்ச ஒரு ஆளு வேணாமான்னு கேட்டா. நல்ல கேள்விதான். அந்த ஊர்வலத்துல எழுநூறு பேர் இருந்தோம்.

ம்? விதி எனக்குத் தெரியும் தம்பி. காத்திருப்போர் பட்டியல்ல வந்தவங்களுக்கு ஒரு கடிதம் வரும். அதுல இசைகிறேன், இசையவில்லைன்னு ரெண்டு வரி. ஒண்ணை அடிச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, பத்து நாளைக்குள்ள அனுப்பணும். இசையவில்லைன்னா பேரை எடுத்துடுவீங்க. தெரியும். நல்லாவே தெரியும். அதுக்கு வர்றேன்.

காத்திருப்புப் பட்டியல்னா எங்களுக்கு என்னன்னு தெரியுமா? கம்பெனியை முதலாளி ஒருநாள் பூட்டுப் போட்டு மூடினான். மூணாம் நாள் வீட்டுக்கு வீடு பழுப்புக் கவர். உள்ள ஒரு தாள். காத்திருப்புப் பட்டியலில் இருக்க இசைகிறேன், கீழ கையெழுத்து. வேலை இருக்கறப்ப கூப்பிடுவானாம். நான் படிச்ச உடனே சொல்லிட்டேன், தொடாதே, தொட்டவன் வேலையைத் தானே விட்டவன்னு. அறுபத்தோரு பேர் கேக்கல, போட்டாங்க. அதுல ஒருத்தனைக் கூட இன்னிக்கு வரைக்கும் கூப்பிடல. நாங்க நூத்தி நாப்பது பேர் தாள்ல குறுக்கால இசையவில்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பினோம். எட்டாம் நாள் எங்களைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டான். எட்டே நாள்.

எனக்கா? எனக்கு மட்டும் வேலை இல்லன்னுட்டான். மன்னிப்புக் கடிதம் குடுத்தா சேத்துக்கறேன்னான். ஒரு வரி போதுமாம். எழுதல. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. எங்க வீட்டம்மா அன்னியிலேர்ந்து தையல் மெஷின்ல உக்காந்தவ, இன்னும் எந்திரிக்கல. ஒரு வார்த்தை சொன்னதில்ல. மெஷின் சத்தத்தை மட்டும் நான் பேசும்போது கொஞ்சம் கூட்டுவா.

அவ வந்திருக்காளா? யாரு, பொண்ணா? வராந்தாவுல இருக்கா. தண்ணி மெஷின் பக்கத்துல, நீல ஃபைல் வெச்சிக்கிட்டு. உள்ள வான்னேன். வேணாம்ப்பா, உங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கம், நீங்க பேசுங்கன்னுட்டா. அட்டை கூடத் தயாரா இருக்கு வீட்டுல. பழைய காலண்டர் பின்பக்கத்துல, ஏழு எங்கேன்னு பெரிசா எழுதி, கம்புல கட்டி வெச்சிருக்கா. இன்னிக்கு நீங்க முடியாதுன்னா நாளைக்குக் காலையில உங்க கேட்டுல உக்காருவா. மழை பெஞ்சாலும் உக்காருவா. எனக்குத் தெரியும், நான் வளத்தது.

அதான் பிரச்சினை.

என்ன மணி? நாலு பத்தா? அஞ்சு மணியோட மேல்முறையீடு முடியுது, இல்ல? திங்கக்கிழமை வகுப்பு.

சரி. ஃபைலைத் திறங்க.

ஆமா. அந்தத் தாள்தான். சிவப்பு மை. இசையவில்லை. அதுக்குக் கீழ அடைப்புல, இம்முறையை எதிர்ப்புடன் நிராகரிக்கிறோம். நிராகரிக்கிறோம், பாருங்க, பன்மை. பதினெட்டு வயசுப் பொண்ணு பன்மையில எழுதுவாளான்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தோணல. ரெண்டாவது ஆளு பாத்திருந்தா தோணியிருக்கும்.

அவ கையெழுத்தா? அந்த மூணு பக்கத்தையும் பக்கத்துல வெச்சிப் பாருங்க. அவளுது உருண்டையா, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம இருக்கும். இது சாஞ்சி, அவசரத்துல, ராத்திரி சுவத்துல எழுதிட்டு ஓடறவன் கையெழுத்து மாதிரி இருக்கா?

என்னுது, தம்பி.

பழுப்புக் கவர் வந்தா எங்க வீட்டுல நான்தான் பிரிப்பேன். வேலை போனதுக்கு நான் போட்ட கேஸ் நடந்த காலத்துலேர்ந்து அப்படித்தான். அவ அன்னிக்கு ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போயிருந்தா. பிரிச்சேன். காத்திருப்போர் பட்டியல்னு இருந்தது. இசைகிறேன்னு இருந்தது. கை தானாப் போச்சு. அவகிட்ட ஏன் சொல்லலன்னா, நல்ல சேதியாச் சொல்லலாம்னு இருந்தேன். எட்டு நாள்ல நீங்க பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்.

எட்டாம் நாள் சட்டை கூட இஸ்திரி போட்டு வெச்சேன்.

போர்டுல லிஸ்ட் பாத்துட்டு வந்து, எனக்கு கடிதமே வரலப்பா, ஏமாத்திட்டாங்கன்னு அழுதா. நான், விடாதேன்னு சொன்னேன். வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு? மூணு வாரமா உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கா. நானும் கூடச் சேந்து திட்டினேன். நல்லாவே திட்டினேன்.

வீட்டம்மாவுக்குத் தெரியும். சிவப்புப் பேனா மூடி தையல் மெஷினுக்கு அடியில கெடந்திருக்கு. எடுத்து என் முன்னாடி வெச்சா. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்க சொல்லணும், இல்லன்னா நான் சொல்வேன்னா. இருபத்திரெண்டு வருஷத்துல அவ குடுத்த ஒரே நோட்டீஸ். ஒரு எழுத்துப்பிழை இல்ல.

அதனால அந்த டிக்கை மாத்திப் போடுங்க. இல்ல, கீழ் கட்டத்துலயும் போடாதீங்க, விண்ணப்பதாரர் தரப்புன்னா அவ. மூணாவதா ஒரு கட்டம் வரைஞ்சிக்குங்க. அவ கையெழுத்துப் போடாத தாள் செல்லாது இல்ல? செல்லாதுன்னா ஏழு ஏழாவே இருக்கு இல்ல?

கமிட்டி முடிவு பண்ணணுமா? சரி. நான் எழுதிக் குடுக்கணுமா, என் கையாலயே? விளக்கமும் மன்னிப்பும்.

குடுங்க காகிதம். நீல மைப் பேனா குடுங்க, என்கிட்ட இருக்கிறது சிவப்பு.

நானூறு எழுதியிருக்கேன், இதுக்கு எப்படி ஆரம்பிக்கணும்னு தெரியல. பணிவுடன், இல்ல? பணிவுடனுக்கு மூணு சுழி ண்ணா, ரெண்டு சுழி ன்னா? எழுதிப் பழக்கமில்லாத வார்த்தை. மூணா. சரி.

அனுப்புநர் நான்தான், போட்டாச்சு. பெறுநர்ல யாரு? உங்க கமிட்டியா, இல்ல வெளிய தண்ணி மெஷின் பக்கத்துல நிக்கிறவளா?

ரெண்டு பேருக்குமா?

அப்ப இன்னொரு தாள் குடுங்க, சார்.