தாகம் தீர்த்த போலீஸ்

— யோவ், ஷோகேஸ் கண்ணாடியில மூஞ்சிய வெச்சி அழுத்தாத நைனா, எண்ணெ அப்பிக்குது. போட்டோ எடுக்கணும்னா உள்ள வா. இல்லன்னா பஸ்ஸு வர்ற வழியப் பாரு.

— போட்டோ எடுக்க வரல பாய். இந்தப் படத்தத்தான் பாத்துக்கினு கீறேன். இத்த யாரு புட்ச்சது?

— அப்டி கேளு! எம்மவன் அசீம் புடிச்சது. பட்டணத்துல போலீஸ்காரங்க கூடவே வருசம் முச்சூடும் சுத்தி, அவுங்க பண்ற வேலயெல்லாம் எடுத்தான். ஜீப்புல ரவுண்ட்ஸ் போறது, திருடன தொரத்தறது, மழயில நின்னு டிராபிக் பாக்கறது, அல்லாம். பெரிய ஹால்ல எக்ஸிபிஷன் வெச்சாங்க. அதுல இதுக்குத்தான் மொதப் பரிசு. கீழ பேரு போட்டுக்கீது பாரு, 'தாகம் தீர்த்த போலீஸ்'. உத்திரமேரூர்ல முகம்மது கௌஸ் ஸ்டுடியோன்னா இப்ப இந்தப் படந்தான் நைனா.

— இதுல கீற திருடன் யாருன்னு உனுக்குத் தெரியுமா பாய்?

— எவனோ பட்டணத்துப் பிக்பாக்கெட்டு. அவன் எவனா இருந்தா இன்னா? அந்த ஏட்டய்யாவப் பாரு. புடிச்சாந்தவனுக்குத் தன் கையால தண்ணி குடுக்கறாரு. யாருக்கு வரும் அந்த மனசு?

— நான்தான் பாய் அது.

— இன்னாது?

— மானாம்பதி கன்னியப்பன். பட்டணத்து மார்க்கெட்டுல மூட்ட தூக்கிக்கினு இருந்தேன். நல்லா பாரு. இந்தப் புருவத் தழும்பு அதுல கீதா இல்லியா?

— யா அல்லா... கீதே! நீயேதான்! அட, உள்ள வா, உக்காரு. அசீம் கூட வந்துகீறான், டார்க் ரூம்ல வேலயா கீறான். உன்னப் பாத்தா சந்தோசப்படுவான். ஆமா, இன்னா திருடுன?

— ஒண்ணுந் திருடல. லாரில வந்த அரிசி மூட்ட கொறஞ்சிப் போச்சின்னு லோடு எறக்குனவங்கள வாரிக்கினு போனாங்க. அப்பறமா பாத்தா டிரைவரே வழியில வித்துட்டுக்கீறான். அதுக்குள்ள என்ன உரிச்சி எட்த்துட்டாங்க. இந்தக் காது இன்னிவரிக்கும் கேக்காது. இந்தப் பக்கமா வந்து பேசு.

— அடிச்சாலும்... அந்த ஏட்டு தண்ணி குடுத்தாரே நைனா.

— டம்ளர்ல தண்ணி இல்ல பாய்.

— இன்னா சொல்ற நீ?

— காலி டம்ளரு. வாயாண்ட வெச்சாங்க, பளிச்சினு லைட்டு அட்ச்சிது, எட்த்துக்கினு பூட்டாங்க. நானு தண்ணி வருதுன்னு நாக்க நீட்டிக்கினே இருந்தேன். அத்தப் பாத்து ஒருத்தன் சிரிச்சான். பக்கத்துலயே பிரியாணிப் பொட்டலம் பிரிச்சித் துன்னுக்கினு இருந்தானுங்க. அதுக்கு முன்னால ஈரத்துணியால என் மூஞ்சி ரத்தத்தத் தொடச்சி, எவன் சட்டயோ மாட்டி வுட்டாங்க. அந்த ஏட்டு கண்ணாடி பாத்து தல சீவி, பவுடரு பூசிக்கினு வந்து நின்னான்.

— அசீம்! டேய் அசீம்!

— இருங்க அத்தா, பேப்பர் மருந்துல கீது.

— கெட்டுப் போவட்டும், வெளிய வா. இந்தாளு யாருன்னு தெரியுதா?

— தெரியலயே... ஓ. நீங்களா? நல்லாகீறீங்களா?

— அந்த டம்ளர்ல தண்ணி இருந்துச்சாடா?

— இன்னா அத்தா, திடீர்னு...

— கேட்டதுக்கு பதில் சொல்லு.

— தண்ணி இருந்தா ஒழுகி சட்டயெல்லாம் நனஞ்சிடும், பாக்க அசிங்கமா இருக்கும்னு நான்தான்...

— நீதான்? காலி டம்ளர வெக்கச் சொன்னதே நீதானா?

— அத்தா, ஸ்டேஷனுக்குள்ள நம்மள சும்மா வுடுவாங்களா? அடிக்கறத எடுத்தா கேமராவ ஒடச்சிடுவாங்க. 'எங்களப் பத்தி நல்லதா நாலு படம் குடு'ன்னாரு இன்ஸ்பெக்டர். நாள் பூரா நின்னேன், நல்லது ஒண்ணு கூட நடக்கல. நான் இன்னா பண்றது? டாக்குமென்டரில இதெல்லாம் கொஞ்சம் அரேஞ்ச் பண்ணிக்கறதுதான்.

— சரி, படம் எட்த்தப்பறமாவது அந்த வாயில ஒரு மொடக்கு தண்ணி ஊத்துனியா?

— அது வந்து...

— ஊத்துனியா, இல்லியா?

— பிலிம் ரோல் முடிஞ்சிடுச்சி அத்தா. கெளம்பிட்டேன்.

— தூ! நோம்புல தொண்ட காஞ்சி பாங்கு சத்தத்துக்கு உக்காந்துகீறவங்கடா நாம. தண்ணின்னா இன்னான்னு உனுக்கா தெரியாது? நாக்க நீட்டுனவன் வாயில வெறும் டம்ளர வெச்சி பரிசு வாங்கியாந்துகீற. அத்த, ஜும்மாவுக்குப் போறவன், காய் வாங்க வர்றவன்னு அல்லாரையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுனேனே. என் கையே நாறுதுடா. நகரு அப்பால.

— அத்தா, ஷோகேஸ ஏன் தொறக்கறீங்க? வேணாம் அத்தா, ஃப்ரேமு...

— தரையில போட்டு ஒடைக்கறேன். அந்த நெகட்டிவயும் எட்த்துக்கினு வா, அடுப்புல போடறேன். இந்தப் பீய எங்கடையில வெச்சிக்க மாட்டேன்.

— பாய்! வேணாம் பாய், ஒடைக்காத!

— கைய உடு நைனா. உன்ன அசிங்கப்படுத்துன படம் இது. உனுக்கு எரியல?

— என் அசிங்கம் கெடக்குது வுடு. இந்தப் படம் இங்க மாட்டிக்கீதுன்னு கேள்விப்பட்டுத்தான் ஓடியாந்தேன். எனுக்கு இதுல ஒண்ணு பெரிசா போட்டுக் குடு. அசீம் தம்பியும் நெகட்டிவோட வக்கீலாண்ட வந்து, என்னிக்கு எட்த்தேன், எந்த ஸ்டேஷன்ல எட்த்தேன்னு சொல்லணும்.

— நானா? எதுக்குங்க? அடிச்ச காயம் எதுவும் இதுல தெரியாதே.

— என்னியப் பாக்காத தம்பி. ஏட்டு தோளுக்குப் பின்னால, கம்பிக்குள்ளாறப் பாரு.

— ஆமா, லாக்கப்ல ஒருத்தன் நிக்கறான். மூஞ்சி தெளிவாவே வுழுந்துடுச்சி. பிரிண்ட் போடும்போது வெட்டிடலாம்னு பாத்தேன். வெட்டுனா ஏட்டு தோளும் போயிடும்னு வுட்டுட்டேன்.

— யாரு நைனா அது?

— எந்தம்பி வேதகிரி பாய். என்கூடத்தான் அவனையும் இட்டுக்கினு போனாங்க. நா வந்துட்டேன், அவன் இன்னும் வூடு வந்து சேரல. அப்டி ஒருத்தன ஸ்டேஷனுக்கு இட்டாரவே இல்லன்னு, இதோ டம்ளரு புட்ச்சிக்கினு நிக்கறானே, இந்த ஏட்டுதான் கோர்ட்டுல சத்தியம் பண்ணிக்கீறான்.