தூண்டில் மின்னஞ்சல்

எனக்கு அடுத்தவர் வீட்டு மேசைகளைப் பார்க்கப் பிடிக்கும், ஐயா. வீடியோ மீட்டிங்கில் ஒருவர் பேசும்போது அவர் முகத்தை நான் பார்ப்பதில்லை. பின்னால் பார்ப்பேன். சுவரில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கிறதா, பிள்ளைகள் யாராவது லேப்டாப்பை எட்டிப் பார்க்கிறார்களா என்று. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் நிறுவனத்தின் வேலை உங்களுக்குத் தெரியும். தனியாக வசிக்கும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அழுத்துவார்கள். எங்கள் ஆள் பேசி, ஆம்புலன்ஸ் அனுப்புவார். முன்பு எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது நாற்பது பேர், நாற்பது வீடு. அத்தனை வாசல் வழியாகவும் திருடன் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்.

மாதம் ஒருமுறை எல்லாருக்கும் ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்புவேன். பார்சல் காத்திருக்கிறது, சம்பளம் உயர்ந்திருக்கிறது, இப்படி ஏதாவது. நம்பிப் பாஸ்வேர்டைத் தட்டியவரின் கணக்கு உடனே முடங்கும். அவர் வீடியோவில் என்னிடம் வந்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், கேமராவைச் சுழற்றி அறையைக் காட்ட வேண்டும், மூன்று விதிகளைச் சொல்ல வேண்டும். பிறகு திறந்து விடுவேன். இந்த முறையை வகுத்தது நான். அதனால் எனக்குப் ‘பூட்டு சார்’ என்று பெயர்.

அக்கா மட்டும் சிக்கவே இல்லை. ஆபீஸில் எல்லாருக்கும் அவர் அக்காதான். ஏழு மாதம், ஏழு தூண்டில், ஒன்றையும் தொடவில்லை.

ஒரு மீட்டிங்கில், வேலை பார்க்கும் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று சொன்னேன். அக்கா கேட்டார்: “பூட்டு சார், எங்க வீட்ல இருக்கறதே ஒரு ரூம். அப்பாவைத் தூக்கி அலமாரில வெச்சுப் பூட்டிடட்டுமா?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதிவில் இருக்கிறது, பாருங்கள். எனக்குக் கோபம் ஏதும் இல்லை.

அடுத்த வாரம் அவருடைய லீவு விண்ணப்பத்தைத் திறந்து படித்தேன். அப்பாவுக்கு என்ன பரிசோதனை, எந்த மருத்துவமனை, எல்லாம் அதில் இருந்தது. திருடனும் இப்படித்தான் தேடுவான். மற்ற எல்லாருக்கும் பார்சல் மின்னஞ்சல் போட்டேன். அக்காவுக்கு மட்டும் தனியாக ஒன்று எழுதினேன். ‘உங்கள் தந்தையின் பரிசோதனை முடிவு: அவசரம்.’

நாலு நிமிடத்தில் திறந்து பாஸ்வேர்டைத் தட்டிவிட்டார். கணக்கு முடங்கி, வீடியோவில் என்னிடம் வந்தார்.

“பூட்டு சார், ஒரு எமர்ஜென்சி கால் வந்து நிக்குது. சிவப்புல இருக்கு. முதல்ல அதை எடுக்க விடுங்க.”

“முறைப்படி போயிடலாம், அக்கா. அட்டையைக் காட்டுங்க.”

“நாலு வருஷமா இந்த மூஞ்சியத்தானே பாக்கறீங்க.”

“அட்டை.”

காட்டினார். அறையைக் காட்டச் சொன்னேன்.

“அப்பாவுக்குத் துணி மாத்திட்டிருந்தேன் சார். அந்தப் பக்கம் வேணாமே.”

“முழு ரூமும் வேணும், அக்கா.”

சுழற்றினார். கட்டிலில் இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் ஒரு கிழவர். கேமராவைப் பார்த்து, “யாரும்மா, டாக்டரா?” என்றார்.

“இல்லப்பா, ஆபீஸ்.” பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். “அப்போ அந்த ரிசல்ட் பொய்யா?”

“சோதனை, அக்கா.”

விதிகளைச் சொன்னார். மூன்றாவதில் தடுமாறினார். முதலிலிருந்து சொல்ல வைத்தேன். மொத்தம் பதினொரு நிமிடம்.

விசாரணையில் நீங்கள் கேட்கப் போவது தெரியும். கணக்கு முடங்கினாலும், அவருக்கு வந்த அழைப்பு அவர் பெயரிலேயே நிற்கும், இன்னொருவருக்குப் போகாது. அது எனக்கு முன்பே தெரியும். சரிசெய்ய வேண்டும் என்று குறித்தும் வைத்திருந்தேன். அந்தச் சிவப்பு என் திரையிலும் எரிந்தது. அழைத்தவர் வயது எழுபத்தெட்டு, குளியலறை. கழுத்துப் பொத்தானை ஆறு முறை அழுத்தியிருந்தார். ஒவ்வொரு முறையும் எண் மாறியதைப் பார்த்தேன். திறந்துவிட ஒரு பொத்தான் போதும். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. பாதியில் திறந்துவிட்டால் அடுத்த முறை யாரும் அட்டையைக் காட்ட மாட்டார்கள், ஐயா.

தலையில் அடிபட்டு ரத்தம் போய்க்கொண்டிருந்ததாம். ஐந்து நிமிடத்துக்குள் ஆள் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. ரிப்போர்ட்டில் ‘பணியாளரின் கவனக்குறைவால் தாமதம்’ என்று எழுதியதும் நான்தான். அதன் பேரில் அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவர் மின்னஞ்சல் எதையும் திறப்பதில்லையாம். அப்பாவின் உண்மையான ரிசல்ட் வந்து ஒன்பது நாள் அப்படியே கிடந்திருக்கிறது. மேனேஜர் சொல்லி வருத்தப்பட்டார்.

எனக்கு வருத்தமாக இல்லை. கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டார்.